சின்ன ஒப்பரேஷன்

நம்மவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. வருத்தக்காரருக்குக் கெட்ட செய்தி சொல்லக்கூடாது. காலில் கட்டுப் போட்டிருந்தாலும் சரி, கண்ணில் புரை எடுத்திருந்தாலும் சரி, அவர் எழும்பி நடக்கும்வரை உலகத்தில் ஒருவரும் சாகக்கூடாது. செத்தாலும் அது அவர் காதில் விழக்கூடாது. இந்தச் சட்டத்தை யார் போட்டது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் இதை மீறுகிறவரைக் கல்நெஞ்சுக்காரர் என்று சொல்ல எல்லோருக்கும் தெரியும். றேணுகா கல்நெஞ்சுக்காரி அல்ல, அதனால்தான் அவள் மாட்டிக்கொண்டாள்.

வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், நான்காம் மாடி வீட்டில் அவளும் அம்மாவும் இருந்தார்கள். றேணுகாவுக்கு நாற்பத்தாறு வயது. காப்புறுதிக் கம்பனி ஒன்றில் வேலை. கல்யாணப் பேச்சுகள் வந்து வந்து போய், பிறகு வருவதும் நின்றுவிட்டது. அம்மா யூஜினாவுக்கு எழுபத்தொன்று. வலது இடுப்பு மூட்டு தேய்ந்துபோய், மூன்று வருடமாகச் சுவரையும் கதிரையையும் பிடித்துப் பிடித்துத்தான் நடந்தார்.

நோவை அம்மா தாங்கிக்கொண்டார். தாங்க முடியாமல் இருந்தது வேறொன்று. அவருடைய அக்கா மெற்றில்டா கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் தனியே இருந்தார். லிஃப்ட் இல்லாத கட்டடம், முப்பத்தெட்டுப் படி. மெற்றில்டாவுக்கு இருதயம் பலவீனம். இறங்கினால் திரும்ப ஏற முடியாது. யூஜினாவுக்கு இடுப்பு, ஏறவே முடியாது. போனில் கதைக்கலாமே என்றால், மெற்றில்டாவுக்கு இரண்டு காதும் கேட்காது. வீடியோவில் முகத்தைக் காட்டினால், "இந்தப் பெட்டிக்குள்ள இருக்கிறவளோட எனக்கென்ன கதை?" என்று திருப்பிக்கொள்வார். இப்படியாக ஒரே நகரத்தில், ஒரு பஸ் தூரத்தில், அக்காவும் தங்கையும் மூன்று வருடம் முகம் பார்க்காமல் இருந்தார்கள்.

அம்மாவுக்கு ஆறு வயதாக இருக்கும்போது அவருடைய தாய் இறந்துபோனார். அன்றிலிருந்து தலை சீவிவிட்டது, பாடசாலைக்கு அனுப்பியது, கோயிலில் முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு வெள்ளைச் சட்டை தைத்துக் கொடுத்தது எல்லாம் பதினான்கு வயது மெற்றில்டா. அம்மாவுக்கு அவர் பாதி அக்கா, பாதி தாய். ஆகவே ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வேலை முடிந்ததும் றேணுகா கொட்டாஞ்சேனைக்குப் போவாள். அம்மா கொடுத்த சாப்பாட்டைக் கொடுத்துவிட்டு, பெரியம்மா சொன்னதையெல்லாம் கேட்டு வந்து இங்கே சொல்வாள். அம்மா அதைக் கதை கேட்கும் பிள்ளை மாதிரி இருந்து கேட்பார்.

ஒப்பரேஷன் செய்யலாம் என்று சொன்ன டொக்டர் சிங்களவர், தன்மையான மனிதர். பழைய முறையைப் போல நீளமாக வெட்டத் தேவையில்லை, நாலு அங்குல வெட்டுப் போதும், தசைகளை அதிகம் அறுக்காமல் விலக்கிக்கொண்டு உள்ளே போய்த் தேய்ந்த மூட்டை எடுத்துவிட்டுப் புதியதை வைப்போம், அடுத்த நாளே நடக்க விடுவோம் என்று ஆங்கிலத்தில் சொல்லிப் படம் கீறி விளக்கினார். வெட்டுத்தான் சின்னது, ஒப்பரேஷன் சின்னதல்ல என்பதையும் அவர் சொல்லத்தான் செய்தார். ஆனால் றேணுகா அம்மாவுக்குத் தமிழில் சொல்லும்போது, அம்மாவின் முகத்தில் இருந்த பயத்தைப் பார்த்துவிட்டு, "சின்ன ஒப்பரேஷன்தானாம் அம்மா" என்று முடித்துவிட்டாள். அந்தச் சொல் அவள் வாயிலிருந்து புறப்பட்டு ரொறன்ரோவரைக்கும் போனது. "சின்ன ஒப்பரேஷன்தானே, நான் வரத் தேவையில்லைத்தானே?" என்று தம்பி றொஹான் போனில் கேட்டான். தேவையில்லை என்றாள் றேணுகா.

பெரியம்மாவுக்கு அவள் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினாள். மெற்றில்டா கண்ணாடியைப் போட்டு வாசித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தார். காது கேளாதவர்களின் சத்தமான சிரிப்பு.

"முப்பத்தெட்டுப் படியும் ஏறி வரச் சொல்லு அவளை. நான் மேல நிண்டு எண்ணுறன்."

இதைக் கேட்டபிறகு அம்மாவுக்குப் பயம் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை ஒப்பரேஷன் நடந்தது. புதன்கிழமை வோக்கரைப் பிடித்துக்கொண்டு அம்மா எட்டு அடி நடந்தார். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டார்கள். சின்ன ஒப்பரேஷன் என்ற பேர்தானே தவிர, தொடை பூசணிக்காய்போல வீங்கியிருந்தது. மருந்து வயிற்றைப் பிரட்டியது. போதாததற்கு ஒரு பட்டியல் சட்டங்கள். குனியக்கூடாது, காலுக்கு மேல் கால் போடக்கூடாது, பதிந்த கதிரையில் இருக்கக்கூடாது, படுக்கும்போது இரண்டு காலுக்கும் நடுவில் தலையணை வேண்டும். கீழே விழுந்த செபமாலையைக்கூட அம்மா தானாக எடுக்கக்கூடாது. மீறினால் புதிய மூட்டுக் கழன்றுவிடும் என்று நேர்ஸ் மூன்று தரம் சொல்லி அனுப்பியிருந்தாள்.

அடுத்த நாள் சனிக்கிழமை காலை, இரத்தம் கட்டிவிடாமல் இருக்க றேணுகா அம்மாவுக்கு ஊசி போட வயிற்றில் இடம் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பெரியம்மாவின் கீழ்வீட்டில் இருக்கும் ஷெரோமி.

"றேணு அக்கா, தேத்தண்ணி கொண்டுபோனனான். கதிரையில இருந்தபடியே... உடம்பு குளிர்ந்துபோச்சு அக்கா."

"சரி, நான் பிறகு எடுக்கிறன்" என்று சொல்லி றேணுகா போனை வைத்தாள். ஊசியைப் போட்டாள். பஞ்சை வைத்து அழுத்தினாள். யார் என்று அம்மா கேட்டதற்கு வேலையிடத்திலிருந்து என்றாள். அதுதான் முதல் பொய். பிறகு குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள்.

றொஹானுக்கு அழைத்தபோது அவன் கொஞ்சம் அழுதான். பிறகு உடனே அதிகாரியாகிவிட்டான். தூரத்தில் இருக்கிற பிள்ளைகளுக்கு இந்த வேலை நன்றாக வரும்.

"அம்மாட்டச் சொல்லிப்போடாதை. இப்ப சொன்னா அழுது பிரண்டு அந்தக் காலைக் கழட்டிப்போடுவா. ஆறு கிழமை போகட்டும். ஆறு கிழமைதானே."

"அவவின்ர அக்காவடா. அடக்கத்துக்குக்கூட..."

"காரில ஏத்தி, சனத்துக்குள்ள கொண்டுபோய், விழுந்தா ஆர் பொறுப்பு? நீயோ?"

விழுந்தால் யார் பொறுப்பு என்ற கேள்விக்குக் கொழும்பில் இருக்கிறவளிடம் எப்போதும் பதில் இருப்பதில்லை, ஏனென்றால் பொறுப்பு அவள்தான்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மாதம்பிட்டிச் சேமக்காலையில் அடக்கம். பக்கத்து வீட்டு ரபீக்காவை அம்மாவோடு இருக்கச் சொல்லிவிட்டு, மருந்துக்கடைக்கு என்று றேணுகா புறப்பட்டாள். பங்குச் சனம் ஒரு முப்பது பேர் வந்திருந்தார்கள். குழிக்குள் பெட்டி இறங்கியதும் எல்லோரும் ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். தங்கச்சி எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒப்பரேஷன் என்றாள். "நல்லது, சொல்லாமல் விடுங்கோ" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். ஷெரோமி வீட்டிலேயே தலை முழுகிவிட்டு றேணுகா வெள்ளவத்தைக்குத் திரும்பினாள்.

"ஏன் தலை ஈரம்?" என்றார் அம்மா.

"மழை அம்மா. கொட்டாஞ்சேனைப் பக்கம் மழை."

"மருந்துக்கடை கொட்டாஞ்சேனையிலயோ?"

"இங்க அந்த மருந்து முடிஞ்சுது. அப்பிடியே பெரியம்மாவையும் எட்டிப் பார்த்தனான்."

அம்மாவின் முகம் மலர்ந்தது. "நான் நடந்ததைச் சொன்னியோ? என்ன சொன்னா?"

சொல்லாமல் விடுவது ஒன்று, இல்லாததைச் சொல்வது வேறொன்று. அந்த இடத்தில் றேணுகா கோட்டைத் தாண்டினாள். "கெதியா வரட்டாம்" என்றாள்.

அதற்குப்பிறகு முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலை தினமும் நடந்தது. பேப்பர் வந்ததும் மரண அறிவித்தல் பக்கத்தை உருவிவிட்டு, கருவாடு சுத்த எடுத்தேன் என்றாள். பார்க்க வந்தவர்களை வாசலிலேயே மறித்து வாயைக் கட்டி உள்ளே விட்டாள். வந்தவர்களும் இதிலே ஒரு ருசி கண்டவர்கள்போல, உள்ளே போய் அம்மாவின் கையைப் பிடித்துச் சிரித்துவிட்டு, வெளியே வந்து கண்ணைத் துடைத்தார்கள்.

எல்லாவற்றையும்விடக் கொடுமை பைறோஸா. அவள் வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிக்காரி, தெஹிவளைப் பிள்ளை, நல்ல பிள்ளை. முதல் நாளே கேட்டுவிட்டாள்.

"அன்ட்டி, நடக்கத் தொடங்கினா முதல்ல எங்க போக ஆசை?"

"அக்கா வீட்டை. முப்பத்தெட்டுப் படி."

"சரி, அப்ப நாங்க முப்பத்தெட்டுக்குப் பழகுவம்."

பைறோஸாவிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்ல நினைத்த நேரமெல்லாம் அம்மா கூடவே இருந்தார். அம்மா இல்லாத நேரம் துணிவு இல்லாமல் போனது. மூன்றாம் கிழமை, வோக்கரை விட்டுக் கைத்தடிக்கு மாறியதும், கட்டடத்தின் பின்படியில் பயிற்சி தொடங்கியது. "ஏறக்குள்ள நல்ல கால் முன்னுக்கு. இறங்கக்குள்ள ஒப்பரேஷன் கால் முன்னுக்கு. மாத்திப் போட்டா விழுவீங்க அன்ட்டி." ஐந்து படி, ஒன்பது படி, பதினாறு படி. அம்மா வியர்த்துக் கொட்ட ஏறி, திரும்பி நின்று றேணுகாவைப் பார்ப்பார். றேணுகா கைதட்டுவாள். இல்லாத ஒருவரிடம் போவதற்குத் தாயை ஒவ்வொரு படியாக ஏற்றிவிடுவது எப்படி இருக்கும் என்று யாரிடமும் சொல்ல அவளால் முடியவில்லை. இரவில் சாப்பாடு இறங்கவில்லை. அம்மா தேறத் தேற அவள் மெலிந்தாள்.

பகலில் அம்மாவை ரபீக்காவிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போகத் தொடங்கியபிறகு, வெள்ளிக்கிழமைகளில் வழக்கம்போல இரண்டு மணித்தியாலம் பிந்தித்தான் வீடு வரவேண்டியிருந்தது. அந்த நேரத்தை றேணுகா கடற்கரையில், தண்டவாளத்துக்கு அப்பால் இருக்கும் கல்லில் இருந்து கழித்தாள். அங்கே இருந்துதான் பெரியம்மா அன்றைக்கு என்ன சொன்னார் என்பதை யோசித்து எடுப்பாள். பெரியம்மா படிகளைக் கழுவி வைத்திருக்கிறாராம். ஏறி வந்ததும் இருக்க உயரமான கதிரை ஒன்று ஷெரோமியிடம் வாங்கி வைத்திருக்கிறாராம். உண்மையில் மெற்றில்டா அத்தனை இனிமையான மனுஷியல்ல. செத்தபிறகு றேணுகாவின் வாயில் அவர் கொஞ்சம் கொஞ்சமாக இனிமையாகிக்கொண்டு போனார். அம்மாவுக்கு அது பிடித்திருந்தது.

முப்பத்தோராம் நாள் பூசைக்கும் ஒரு பொய் சொல்லிவிட்டுப் போய் வந்தாள். வந்த இரவே சொல்லிவிடுவது என்று தீர்மானித்தாள். அன்று அம்மா முப்பது படி ஏறியிருந்தார். இன்னும் எட்டுத்தான் என்று ரபீக்காவுக்கும் பழம் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். றேணுகா தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை, வேலையிடத்தில் பகல் முழுக்கக் கணக்கு முடிப்பு. அவள் மதியம் சாப்பிடவில்லை. கல்லில் இருந்தபோது பசி தாங்காமல், காலிக்குப் போகும் வீதியில் உள்ள கடையில் வாங்கியதைச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள். அம்மா உயரக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"இண்டைக்கு அக்காவுக்கு என்ன கொண்டுபோனி?"

"றோல்ஸ் அம்மா. ரெண்டு. ஆசையாச் சாப்பிட்டவ."

"மீன் றோல்ஸோ?"

"இல்லை, மட்டன்."

தான் தின்றதைத்தான் அவள் சொன்னாள். பொய் சொல்கிறவர்களுக்கு ஒரு கட்டத்தில் களைப்பு வந்துவிடுகிறது. அப்போது கையில் இருக்கிற உண்மையை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள்.

அம்மா கோப்பையைக் கீழே வைத்தார். "இண்டைக்கு வெள்ளிக்கிழமையெல்லே?"

"ஓம்."

"தபசுகாலத்து வெள்ளி."

ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள், வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி விலக்கும் தபசுகாலம், தொடங்கியதைக்கூட றேணுகா இந்த வருடம் நினைக்கவில்லை. "வயசு போனதுதானே அம்மா. மறந்திருப்பா" என்றாள்.

"மற்றதெல்லாம் மறப்பா. இதை மறக்கமாட்டா. எங்கட அம்மா செத்த வருசத்திலயிருந்து தபசுகாலத்தில அவ இறைச்சி தொட்டதில்லை. எனக்குச் சமைச்சுத் தந்துபோட்டு, தான் வெறும் பருப்போட தின்னுவா. அக்கா தின்னமாட்டா பிள்ளை. செத்தாலும் தின்னமாட்டா."

வழக்கமாகச் சொல்கிற ஒரு பேச்சுத்தான் அது. ஆனால் அந்தப் பேச்சு வாயைவிட்டு வந்தபிறகு, அதை அவரே திரும்பக் கேட்டதுபோல் இருந்தது. றேணுகாவின் மெலிந்த கையை, கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பை, அவர் இப்போதுதான் பார்த்தார்.

"றேணு, என்னைப் பார். அக்கா இருக்கிறாவோ?"

றேணுகா நிலத்தைப் பார்த்தாள்.

"எப்ப?"

"நீங்க ஆஸ்பத்திரியால வந்த அடுத்த நாள்."

அம்மா விரலில் எண்ணினார். செபமாலை உருட்டும் விரல். அதே வேகத்தில் எண்ணினார். எண்ணி முடிய வெகுநேரம் எடுத்தது.

"அப்ப அவ படி கழுவி வைச்சது?"

"நான் சொன்னது அம்மா."

"கதிரை?"

"அதுவும் நான்தான்."

"கெதியா வரட்டாம் எண்டது?"

றேணுகா அழுதுகொண்டே காலடியில் இருந்தாள். அம்மா அழவில்லை. அவர் அழுதிருந்தால் றேணுகா கட்டிப்பிடித்திருப்பாள். இருவருக்கும் அது உதவியிருக்கும்.

"உங்களுக்கு அப்பதான் ஒப்பரேஷன் செய்தது அம்மா. அழுது விழுந்து கிழுந்து..."

"சின்ன ஒப்பரேஷன் எண்டுதானே சொன்னனீங்கள்?" என்றார் அம்மா. குரல் உயரவில்லை. "சின்ன ஒப்பரேஷன் செய்தவளுக்குச் சொந்த அக்கா செத்ததைச் சொல்ல ஏலாதோ? என்னைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். கதிரையோட தூக்கியிருக்கலாம். இடுப்புக் கழண்டால் திரும்பப் போட ஆள் இருக்கு. அவவை ஆர் எனக்குத் திரும்பக் காட்டுவினம்?"

றொஹான்தான் சொன்னான் என்று சொல்ல வாய் உன்னியது. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். ஆனால் எய்தவன் ரொறன்ரோவில் இருந்தான். அம்புதான் கண்முன்னால் இருந்தது. தவிரவும், றொஹான் சொல்லாதே என்றுதான் சொன்னான். பெரியம்மாவின் வாயில் வார்த்தைகளைப் போட்டது அவன் இல்லை.

"நாளைக்குச் சேமக்காலைக்குப் போகவேணும்" என்றார் அம்மா. அன்றிரவு அவர் ரபீக்காவைக் கூப்பிட்டுத்தான் காலுக்கு நடுவில் தலையணை வைப்பித்தார்.

காலையில் உயரமான இருக்கை உள்ள கார் ஒன்றைப் பிடித்து, மேலே ஒரு மெத்தையும் போட்டு, றேணுகா அம்மாவைக் கூட்டிப்போனாள். கொட்டாஞ்சேனையில் அக்காவின் கட்டடத்தைக் கடக்கும்போது அம்மா தலை நிமிர்த்திப் பார்க்கவில்லை. சேமக்காலைக்குள் பாதை கரடுமுரடு. அம்மா கைத்தடியை ஊன்றி, பைறோஸா பழக்கியபடி பார்த்துப் பார்த்து வைத்து, யாரையும் பிடிக்காமல் நடந்தார்.

மண்மேடு இன்னும் அமரவில்லை. தலைமாட்டில் மரச் சிலுவை. அதில் வெள்ளைப் பூச்சில் பெயரும் தேதியும். அம்மா தேதியை வாசித்தார். அவர் வீட்டில் முதல் தரம் தானாகக் கட்டிலைவிட்டு எழும்பிய நாள் அது. அன்று அவர் சந்தோஷமாக இருந்தார். அதை நினைத்தாரோ என்னவோ, உதட்டைக் கடித்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் செபித்தார். பிறகு மண்ணைப் பார்த்தார். ஒரு பிடி மண் போடவேண்டும். எல்லோரும் போட்டார்கள், அவர் ஒருவர்தான் போடவில்லை. ஆனால் குனியக்கூடாது. மூன்று மாதத்துக்குக் குனியக்கூடாது. கையைக் கீழே நீட்டிப் பார்த்தார். அது முழங்காலோடு நின்றுவிட்டது.

றேணுகா சட்டென்று குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி அம்மாவிடம் நீட்டினாள். "இந்தாங்க அம்மா."

அம்மா அந்தக் கையைப் பார்த்தார். ஐந்து கிழமையாகத் தன்னைக் கழுவிவிட்ட கை, உடுப்பு மாற்றிவிட்ட கை, படியில் நின்று தட்டிய கை. அவர் வாங்கவில்லை.

இரண்டு மேடு தள்ளி வயதான தொழிலாளி ஒருவர் புல்லுச் செருக்கிக்கொண்டிருந்தார். "அய்யே" என்று, சிங்களத்தில் அண்ணனைக் கூப்பிடுவதுபோல, அம்மா கூப்பிட்டார். கொஞ்சம் மண் எடுத்துத் தரும்படி சிங்களத்தில் கேட்டார். அவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்து, சாரத்தில் கையைத் துடைத்து, இரண்டு கையாலும் மண்ணை அள்ளி அம்மாவின் கையில் வைத்தார். அம்மா அதைச் சிலுவையடியில் மெதுவாக விட்டார். அப்போதுதான் அழுதார். அந்த மனிதர் என்ன செய்வதென்று தெரியாமல் அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா அவரை விலக்கவில்லை.

பிறகு அவர் திரும்பி, தடியை ஊன்றிக்கொண்டு கார்ப் பக்கம் நடந்தார். நொண்டல் இல்லாத நல்ல நடை. றேணுகாவின் கைக்குள் மண் அப்படியே இருந்தது. அதைப் போடுவதா கொட்டுவதா என்று தெரியாமல் அவள் நின்றாள். அவளுடைய பிடியை அவள் அடக்கத்தன்றே போட்டுவிட்டாள்.